பாட்டு கைவிட்டுப் போனது, மலை மிஞ்சியது: வான் ட்ராப் விடுதி யாருடையது?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்றொரு மலையூர். அதற்கு மேலே, ஆஸ்திரியப் பாணிச் சாய்கூரையோடு 96 அறைகள் கொண்ட ஒரு விடுதி. சுற்றிலும் ஏறக்குறைய 2,500 ஏக்கர் காடும் மேய்ச்சல் நிலமும். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற ஹாலிவுட் பாட்டுப் படத்தில் வரும் வான் ட்ராப் குடும்பம் நிஜத்தில் குடியேறிய இடம் இதுதான். இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது.

அந்தக் குடும்பத்தில் யாராவது காலமானால் உலகம் முழுக்கச் செய்தி வரும். 2014-ல் மரியா ஃப்ரான்சிஸ்கா, 2021-ல் எலியோனோர், 2022-ல் ரோஸ்மரி. ஒருமுறை ‘கடைசியாக எஞ்சியவர்’ என்று படித்துவிட்டு, சில ஆண்டு கழித்து இன்னொருவர் இறந்த செய்தியைப் படிக்கும் வாசகர் குழம்புவது நியாயம்தான். கூடவே வேறு சந்தேகங்களும் கிளம்பும். படத்தில் வந்த பணத்தில் கட்டிய ஓட்டலா இது? பாட்டுக் குடும்பத்துக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்? உறவினர்களுக்குள் வழக்கு நடந்ததாமே, எதற்காக?

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. ஒரு தொழிலை நிறுவியவர் விட்டுப்போவது வெளியிலிருந்து பார்க்க ஒற்றைப் பொருளாகத் தெரியும். சட்டத்தின் கண்ணில் அது நான்கு தனித்தனிச் சொத்து: கதை, நிலம், பங்கு, பெயர். நான்கும் ஒரே கைக்குப் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. இந்த விடுதியை நிறுவிய மரியா வான் ட்ராப் கதையை விற்றுவிட்டார், நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டார், பங்குகளைக் குடும்பத்துக்குள் பரப்பினார். பின்னால் நடந்த நல்லதுக்கும் கெட்டதுக்கும் பெரும்பாலும் இந்த மூன்று முடிவுகள்தான் காரணம்.

முதலில், யார் யார்

கேயோர்க் வான் ட்ராப் ஆஸ்திரிய–ஹங்கேரியக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி. முதல் மனைவி அகதே வைட்ஹெட், டார்பிடோவை உருவாக்கிய ராபர்ட் வைட்ஹெட்டின் பேத்தி. அவர் வழியில் ஏழு பிள்ளைகள். அகதே இறந்த பிறகு, நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க 1926-ல் நோன்பர்க் கன்னியர் மடத்திலிருந்து மரியா வந்தார். 1927-ல் திருமணம். மரியாவுக்கு மூன்று பிள்ளைகள்: ரோஸ்மரி, எலியோனோர், யோஹன்னஸ். ஆக மொத்தம் பத்து.

‘கடைசி’ குழப்பத்துக்கும் விடை இதில்தான் இருக்கிறது. 2014-ல் இறந்தவர் மூத்த தாரத்தின் ஏழு பேரில் கடைசியானவர். படம் காட்டுவது அந்த ஏழு பேரைத்தான். 2021-லும் 2022-லும் இறந்தவர்கள் மரியாவின் சொந்தப் பெண்கள். அவர்களுக்குப் பின் பத்துப் பேரில் மிஞ்சியவர் யோஹன்னஸ் ஒருவர்தான். விடுதியை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

படத்தை மட்டும் பார்த்தவர்கள் மூன்று விஷயங்களைத் திருத்திக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

1. படத்தில் வருவதுபோல, நாஜிகளிடமிருந்து குடும்பம் மலையேறித் தப்பவில்லை. அவர்கள் வாழ்ந்த ஆஸ்திரிய நகரமான சால்ஸ்பர்க்குக்குப் பின்னால் இருக்கும் மலையைத் தாண்டினால் ஸ்விட்சர்லாந்து வராது, ஜெர்மனிதான் வரும். அதுவும் ஹிட்லரின் மலைவீடு இருந்த பக்கம். அவர்கள் 1938-ல் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். கேயோர்க் பிறந்த ஊரான ஸாரா முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியின் கைக்குப் போனதால் அவருக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது.

2. அவர்கள் பணக்காரர்களாகக் கிளம்பவில்லை. லண்டனில் பத்திரமாக இருந்த பணத்தை ஓர் ஆஸ்திரிய வங்கிக்கு உதவுவதற்காக கேயோர்க் மாற்றினார். அந்த வங்கி 1935-ல் மூழ்கியது. மேடையேறிப் பாடியதில் பொழுதுபோக்கைவிட வருமானத் தேவை அதிகம். ஃப்ரான்ஸ் வாஸ்னர் என்ற பாதிரியார் இசைப் பயிற்சி கொடுத்தார், பயணம் முழுக்கக் கூடவே வந்தார். படத்தில் அவர் இடத்தில் வேறு யாரோ இருக்கிறார்.

3. அமெரிக்கா அவர்களை இரு கை நீட்டி வரவேற்கவில்லை. 1938 அக்டோபரில் வந்தது ஆறு மாத விருந்தினர் விசாவில். 1939 மார்ச்சில் அது முடிந்ததும் ஐரோப்பாவுக்குத் திரும்பி ஸ்காண்டிநேவியாவில் கச்சேரி செய்தார்கள். அதே அக்டோபரில் மறுபடி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, சந்தோஷத்தில் மரியா ‘இனி இங்கிருந்து போகவே வேண்டாம்’ என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட, குடியேற்ற அதிகாரிகள் மொத்தக் குடும்பத்தையும் எல்லிஸ் தீவில் சில நாள் வைத்து விசாரித்தார்கள். விருந்தினர் விசாவில் வந்தவர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது!

மரியா குடியுரிமை பெற்றது 1948-ல். கேயோர்க் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை, 1947-ல் காலமானார். மூத்த மகன்கள் ரூப்பர்ட்டும் வெர்னரும் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்ததால் குடிமக்கள் ஆனார்கள். யோஹன்னஸ் 1939 ஜனவரியில், கச்சேரிப் பயணத்தின் நடுவே ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பிறப்பால் அமெரிக்கர்.

பாட்டுக் குடும்பம் பனிமலைக்கு எப்படி வந்தது

1930-களில் அமெரிக்காவில் பனிச்சறுக்கு ஒரு தொழிலாகத் தலையெடுத்தது. கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் ஆல்ப்ஸ்காரர்கள், அதிலும் ஆஸ்திரியர்கள். பனிச்சறுக்குப் பயிற்சிக்கே ஒரு முறைமை வகுத்த ஹன்னஸ் ஷ்னைடர், நாஜிகளின் பிடியிலிருந்து விடுபட்டு 1939-ல் நியூ ஹாம்ப்ஷயர் வந்து சேர்ந்தார். ஸ்டோவுக்கு 1936-லேயே செப் ருஷ்ப் என்ற ஆஸ்திரியர் வந்து பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தார். 1940-ல் அங்குள்ள மான்ஸ்ஃபீல்ட் மலையில் ஒற்றை நாற்காலி லிஃப்ட் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பத்தாவது மலைப் படைப்பிரிவு என்ற பனிச்சறுக்குப் படையை அமைத்தது. ரூப்பர்ட்டும் வெர்னரும் சேர்ந்தது அதில்தான். போர் முடிந்து திரும்பிய அந்தப் படைவீரர்கள் பலர் அமெரிக்கா முழுக்கப் பனிச்சறுக்குத் தலங்களை உருவாக்கினார்கள்.

ட்ராப் குடும்பம் ஸ்டோவில் நிலம் வாங்கியது 1942-ல். கச்சேரிக் காசுதான். சில நூறு ஏக்கர் கொண்ட, தேய்ந்துபோன மலைப்பண்ணை அது. ஊரைப் பார்த்தால் சொந்த ஊர் ஞாபகம் வருகிறது என்பதே அதை வாங்கியதற்குப் பெரிய காரணம். வீட்டைக் குடும்பமே கைப்படக் கட்டிக்கொண்டது. 1944 முதல் கோடையில் ஓர் இசை முகாமும் நடத்தினார்கள்.

விடுதி தொடங்கியது ஒரு திட்டத்தால் அல்ல. குளிர்காலம் முழுக்கக் குடும்பம் கச்சேரிப் பயணத்தில் இருக்கும், வீடு காலியாகக் கிடக்கும். கீழே ஸ்டோவில் சறுக்க வந்தவர்களுக்கோ தங்க இடம் போதவில்லை. அறைகளை வாடகைக்கு விட்டார்கள். 1950-ல் 27 அறைகளோடு அது முறையான விடுதியாகியது. அதாவது மலையில் லிஃப்ட் நடத்திச் சம்பாதித்தவர்கள் வேறு யாரோ. ட்ராப் குடும்பம் அந்தக் கூட்டத்துக்குப் படுக்கை கொடுத்தது, அவ்வளவே. இந்த நிலை மாற இன்னும் 18 ஆண்டு ஆனது.

1950-களின் நடுவில் கச்சேரிக் குழு கலைந்தது. மரியா பிள்ளைகளில் சிலரைக் கூட்டிக்கொண்டு நியூகினியில் மதப்பணிக்குப் போனார். திரும்பி வந்து விடுதியைக் கவனித்தார். வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், ஆஸ்திரிய உடையில் வளையவருவார். விருந்தினருக்கு அவர்தான் விடுதி. படத்தில் வருவதுபோல மென்மையானவர் அல்ல, சட்டெனக் கோபம் வரும், அது அடங்கும் வேகமும் அதிகம் என்று பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். கணக்கு வழக்கு அவருக்குப் பிடித்த வேலை அல்ல.

கதை: சுமார் 9,000 டாலர்

மரியா தன் குடும்பத்தின் வரலாற்றை 1949-ல் நூலாக வெளியிட்டார். ஹாலிவுட் படமாக வருவதற்கு நெடுநாள் முன்பே, 1956-ல் ஜெர்மானியத் தயாரிப்பாளர்களுக்கு அதன் பட உரிமையை விற்றார். கிடைத்தது சுமார் 9,000 டாலர்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மொத்த விலை: பணத்தை வாங்கிக்கொண்டு உரிமையைக் கொடுத்துவிடுவது. இன்னொன்று ராயல்டி: ஒவ்வொரு முறை படைப்பு காசு பார்க்கும்போதும் அதில் ஒரு பங்கு. தென்னந்தோப்பைக் கிரயம் செய்துகொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மரியா கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் அடுத்தடுத்த தழுவல்களுக்கான உரிமையும் சேர்ந்தே போய்விட்டது.

ஜெர்மானியர்கள் 1956-லும் 1958-லும் இரண்டு படம் எடுத்தார்கள். அமெரிக்க நாடகத் தயாரிப்பாளர்கள் பிராட்வே மேடைக்காக உரிமை பேசியது அந்த ஜெர்மானிய நிறுவனத்திடம், மரியாவிடம் அல்ல. 1959-ல் நாடகம். 1965-ல் படம்; ஐந்து ஆஸ்கர், அதுவரை எந்தப் படமும் பார்க்காத வசூல். நாடகத் தயாரிப்பாளர்கள் நல்லெண்ணத்தில் மரியாவுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கினார்கள். அது அரை சதவீதத்துக்கும் குறைவு. படப்பிடிப்பைப் பார்க்க சால்ஸ்பர்க் போன மரியா ஒரு பாடல் காட்சியில் பின்னணியில் நடந்துபோகிறார். உற்றுப் பார்த்தால் வளைவுக்கு அப்பால் ஒரு சில நொடி தெரிவார். தன் கதையில் அவருக்கு மிஞ்சிய வேடம் அது.

அப்படியானால் படத்தால் விடுதிக்குப் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது ராயல்டியாக வரவில்லை, வாடிக்கையாளராக வந்தது. படம் பார்த்தவர்கள் தேடி வந்தார்கள். இது இலவச விளம்பரம். கூடவே ஒரு தொல்லையும். வருகிறவர்கள் எதிர்பார்ப்பது படத்தின் குடும்பத்தை, நிஜக் குடும்பத்தை அல்ல. சுற்றுலாப் பேருந்து வந்து, படம் எடுத்து, போய்விட்டால் அறை நிரம்பாது. விடுதிக்கு வேண்டியது மூன்று நாள் தங்கி, அடுத்த ஆண்டும் வருகிறவர். படத்தால் அப்படிப்பட்டவரை உருவாக்க முடியவில்லை.

நிலம்: 1968-ல் போட்ட தடம்

யோஹன்னஸ் டார்ட்மத் கல்லூரியில் வரலாறும் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியலும் படித்தவர். ஓட்டல் நடத்தும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. கொஞ்ச காலம் வந்து கணக்கைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தவர். அவர் பார்வைக்குப் பட்டது வேறு யாரும் தொழிலாக நினைக்காத ஒன்று: விடுதிக்குப் பின்னால் இருந்த காடு.

பனிச்சறுக்கில் இரண்டு வகை உண்டு. நாம் படங்களில் அதிகம் பார்ப்பது டவுன்ஹில்: லிஃப்டில் மேலே போய், சரிவில் வேகமாக இறங்குவது. இன்னொன்று கிராஸ்-கன்ட்ரி: பலகை மெலிது, குதிகால் பலகையோடு பிணைக்கப்படாமல் விடுபட்டிருக்கும், மேடும் பள்ளமுமான காட்டுவழியில் சொந்தக் காலாலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நார்வே, ஸ்வீடன் பக்கம் இது அன்றாடப் பழக்கம். அன்றைய அமெரிக்காவில் இதைச் செய்தவர்கள் சொற்பம், அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்று நினைத்தவர்கள் அதைவிடச் சொற்பம்.

1968-ல் யோஹன்னஸ் விடுதி நிலத்தில் தடங்களை வெட்டி, நார்வேக்காரர் ஒருவரைப் பயிற்சிக்கு வைத்து, வாடகைக்குப் பலகைகளும் வாங்கிப் போட்டார். அமெரிக்காவின் முதல் வணிகமுறை கிராஸ்-கன்ட்ரி மையம் அதுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பொருளாதார ரீதியில் இது ஏன் கெட்டிக்காரத்தனம் என்று பார்க்கலாம்.

1. டவுன்ஹில் தலத்துக்கு லிஃப்ட் வேண்டும், செங்குத்தான உயர்ந்த மலை வேண்டும். அதற்கான முதலீடு ஒரு குடும்பத்தால் ஆகாது. ஸ்டோவில் அந்தத் தொழிலுக்குப் பின்னால் நின்றது சி. வி. ஸ்டார் என்ற காப்பீட்டுத் தொழிலதிபர். பிறகு அவர் நிறுவிய ஏஐஜி குழுமம்.

2. கிராஸ்-கன்ட்ரிக்கு வேண்டியது பரந்த நிலம், தடம், அதைச் சீர்செய்யும் வண்டி. நிலம் ஏற்கெனவே கையில் இருந்தது.

3. டவுன்ஹில் வாடிக்கையாளர் பகல் முழுக்க வேறொருவருடைய மலையில் காசைச் செலவழித்துவிட்டு இரவு தூங்க மட்டும் வருவார். கிராஸ்-கன்ட்ரி வாடிக்கையாளர் வாசலில் பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பி, அதே வாசலுக்குப் பசியோடு திரும்புவார். சாப்பாடு, வாடகை, பயிற்சி எல்லாம் ஒரே கல்லாவில் விழும்.

‘தடத்தைச் சீர்செய்வது’ என்றால் என்ன என்று கேட்கலாம். புதுப்பனி பஞ்சுபோல் இருக்கும், கால் புதையும். வண்டி அதை நசுக்கி, கட்டி உடைத்து, சமப்படுத்தும். பின்னால் இழுத்துவரும் கருவி இரண்டு இணையான பள்ளக்கோடுகளை அழுத்திக்கொண்டே வரும். பலகை அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் புதிதாகக் கற்பவரும் தடுமாறாமல் போகலாம். 1980-களில் ஸ்கேட்டிங் போலக் காலை அகட்டித் தள்ளும் பாணி பரவியது. அதற்குக் கோடு உதவாது, அகலமான தட்டைப் பாதை வேண்டும். உலகெங்கும் தட மையங்கள் பாதையை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பாணியைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் வெர்மான்ட்காரரான பில் காக். 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டர் போட்டியில் வெள்ளி வென்று, இந்த விளையாட்டில் அமெரிக்காவுக்கு முதல் பதக்கம் கொண்டுவந்தவர். அந்தப் பதக்கத்துக்குப் பிறகு கிராஸ்-கன்ட்ரி மோகம் நாட்டில் பரவியபோது, ஸ்டோவில் தடங்கள் எட்டு ஆண்டுகளாகத் தயாராக இருந்தன.

என் கணிப்பில் இந்த விடுதியின் இரண்டாவது நிறுவனர் யோஹன்னஸ்தான். ஆனால் அவர் செய்ததைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அம்மா நிலத்தைத் துண்டு போட்டு விற்கவில்லை என்பது.

நிலத்தைக் காப்பது பற்றி இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பாதுகாப்பு ஒப்பந்தம். உடைமையாளர் நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார். அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஒரு நில அறக்கட்டளைக்குக் கொடையாகவோ விலைக்கோ கொடுத்துவிடுவார். மரம் வெட்டலாம், மாடு மேய்க்கலாம், தடம் போடலாம். மனை போட்டு விற்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு அடுத்தடுத்து யார் வாங்கினாலும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். ட்ராப் நிலத்தின் ஒரு பகுதி இப்படிக் கட்டுப்பட்டது. வாரிசுச் சண்டை வந்தாலும் காட்டைக் கூறுபோட முடியாது என்பது இதன் மறைமுகப் பலன். அதே காரணத்தால் சந்தை மதிப்பும் குறையும்.

தீ

1980 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, பழைய மரக்கட்டடம் இரவில் எரிந்து தரைமட்டமானது. தங்கியிருந்தவர்களில் ஒருவர் உயிரிழந்தார். மரியாவுக்கு அப்போது 75 வயது. புதிய கட்டடம் 1983 வாக்கில் தயாரானது. 27 அறை போய் 96 அறை வந்தது. மரியா 1987-ல் காலமானார்.

27 அறையைக் குடும்பமும் சில ஊழியர்களும் ஓட்டிவிடலாம். 96 அறைக்கு மேலாளர், கணக்காளர், வங்கிக் கடன், ஆண்டு முழுக்கச் சம்பளம் எல்லாம் வேண்டும். டைம்ஷேர் வீடுகளும் இந்தச் சொத்தில் உண்டு: ஒரு வீட்டின் உபயோகத்தை வாரக்கணக்கில் பலருக்கு விற்றுவிட்டு, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் முறை. குடும்ப வீடாக இருந்த இடம் கம்பெனியாக மாறியது இந்தக் காலத்தில்தான்.

பங்கு: 75,629 பங்குகளின் வழக்கு

சரி, வழக்குக்கு வருவோம்.

விடுதி ஒரு தனியார் கம்பெனி. பங்குகள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பலரிடம் பரவியிருந்தன. எல்லாருக்கும் ஏதோ ஒன்று சேரட்டும் என்ற எண்ணம் அன்பில் வந்ததுதான். ஆனால் கம்பெனிப் பங்கு நகையைப் போலப் பிரித்துக்கொண்டு போகக்கூடியது அல்ல. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விடுதியும் நிலமும் சேர்ந்து 1 கோடி டாலர் பெறும், ஆண்டு லாபம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதப் பங்கு வைத்திருக்கும் பேத்திக்குத் தாளில் 5 லட்சம் டாலர் சொத்து. கைக்கு வருவது? லாபம் முழுவதையும் பிரித்தாலும் ஆண்டுக்கு 10,000. லாபத்தை நிர்வாகம் கூரை மாற்றவும் தட வண்டி வாங்கவும் எடுத்துக்கொண்டால் அதுவும் இல்லை. வெளியே விற்கலாமென்றால், ஒரு குடும்பக் கம்பெனியில் 5 சதவீதத்தை எந்த அந்நியர் வாங்குவார்?

நிர்வாகம் செய்பவர் பக்கமும் நியாயம் உண்டு. தினமும் உழைப்பது அவர்; ஒவ்வொரு முடிவுக்கும் தொலைவில் இருக்கும் உறவினர்களைக் கூட்ட வேண்டியிருப்பதும் அவர்தான். இரண்டு பக்கமும் கெட்டவர்கள் இல்லாமலேயே சண்டை முற்றும் இடம் இது. நம்மூர்ப் பாகப்பிரிவினை பார்த்த யாருக்கும் இது புதிதல்ல.

1990-களின் நடுவில் நிர்வாகத் தரப்பு ஒரு இணைப்பு மூலம் மற்ற பங்குதாரர்களுக்குப் பணம் கொடுத்து வெளியேற்ற முனைந்தது. அமெரிக்கச் சட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்றால்:

1. பெரும்பான்மைத் தரப்பு, பழைய கம்பெனியை வேறொரு கம்பெனியோடு இணைக்கத் தீர்மானம் போடும். சிறுபான்மையினருக்குப் புதிய பங்கு கிடையாது, ரொக்கம் மட்டும்.

2. சிறுபான்மையினரால் இணைப்பைத் தடுக்க முடியாது. ஆனால் ‘இந்த விலைக்கு ஒப்பமாட்டோம்’ என்று பதிவு செய்யலாம்.

3. அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு நியாய மதிப்பு எவ்வளவு என்று நீதிமன்றம் தீர்மானிக்கும்.

வழக்கின் பெயரே அது எதைப் பற்றியது என்று சொல்லிவிடும்: ட்ராப் குடும்ப விடுதிக் கம்பெனியின் 75,629 சாதாரணப் பங்குகள். வெர்மான்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1999-ல் வந்தது.

சிக்கலின் மையம் ‘சந்தை விலை’, ‘நியாய மதிப்பு’ என்ற இரண்டும் ஒன்றல்ல என்பது. சந்தை விலை பார்த்தால் சிறு பங்கு மலிவு, ஏனென்றால் அதற்கு அதிகாரம் இல்லை, வாங்க ஆளும் இல்லை. நியாய மதிப்பு வேறு கேள்வியைக் கேட்கிறது: தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் இந்தத் தொழிலின் மொத்த மதிப்பில் இவர் பங்கு எத்தனையோ, அந்த விகிதம் எவ்வளவு? வெர்மான்ட் நீதிமன்றம் இரண்டாவது வழியில் நின்றது. கம்பெனி கொடுக்க முன்வந்ததைவிட அதிக விலை நிர்ணயமாயிற்று.

விளைவு கலவையானது. வெளியேறியவர்களுக்குக் கூடுதல் பணம், கம்பெனிக்குக் கூடுதல் சுமை, உறவில் மனக்கசப்பு. மறுபக்கம், அதற்குப் பிறகு யார் முடிவெடுப்பது என்பதில் சந்தேகம் இல்லை. அந்தத் தெளிவு இல்லாமல் போயிருந்தால் விடுதி இன்று ஏதாவது ஓட்டல் சங்கிலியின் கையில் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. கீழே மான்ஸ்ஃபீல்ட் மலையின் சறுக்குத் தலத்தை 2017-ல் வெய்ல் ரிசார்ட்ஸ் வாங்கியது. அமெரிக்கப் பனிச்சறுக்குத் தொழில் இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளிடம் குவிந்துகொண்டிருக்கும் காலம் இது.

பெயர், அப்புறம் பீர்

‘ட்ராப் குடும்பப் பாடகர்கள்’ என்ற பெயரே அமெரிக்கக் கச்சேரி முகவர் ஒருவர் வியாபாரத்துக்காக மாற்றிவைத்தது. முன்பு ‘பாடற்குழு’ என்று இருந்தது, கோயில் வாசனை அதிகம் என்று அவருக்குப் பட்டது. விடுதி அந்தப் பெயரின் புகழை எடுத்துக்கொண்டது. ஆனால் குடும்பப் பெயர் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக முடியாது. வெர்னரின் வழியினர் வெர்மான்ட்டின் வெயிட்ஸ்ஃபீல்டில் அதே பெயரில் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். வெர்னரின் பேரப்பிள்ளைகள் நால்வர் அதே பெயரில் உலகம் சுற்றிப் பாடினார்கள். வணிகச் சின்னச் சட்டம் இதில் பார்ப்பது ஒன்றுதான்: வாங்குபவர் ஒரு பொருளை இன்னொன்றாக நினைத்துக் குழம்புவாரா என்று. அதனால் விடுதி, சீஸ், பாட்டு எல்லாம் ஒரே பெயரைத் தாங்கிக்கொண்டு வெவ்வேறு கல்லாவில் ஓட முடிகிறது.

மூன்றாம் தலைமுறையில் யோஹன்னஸின் பிள்ளைகள் சாமும் கிறிஸ்டினாவும் நிர்வாகத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் காலத்தின் பெரிய பிரச்சினை படமும் இல்லை, வழக்கும் இல்லை. பனி. கிராஸ்-கன்ட்ரி தடங்கள் உயர்ந்த சிகரங்களில் இல்லை, அடிவாரக் காட்டில் இருக்கின்றன. குளிர்காலம் கொஞ்சம் சூடானாலும் முதலில் பனி மறைவது அங்கேதான். செயற்கைப் பனி தூவலாம் என்றால், ஒரு சிறு வளையத்துக்குக் கட்டுப்படியாகும். பல பத்துக் கிலோமீட்டர் காட்டுவழிக்கு ஆகாது.

அதனால் வருமானத்தைப் பனியிலிருந்து மெல்லப் பிரிக்கும் வேலை நடக்கிறது. கோடையில் மலை சைக்கிள் தடங்கள், வசந்தத்தில் மேப்பிள் பாகு, மேய்ச்சல் நிலத்தில் ஸ்காட்லாந்து ஹைலண்ட் மாடுகள். 2010-ல் ஒரு சிறு பீர் ஆலை. சில ஆண்டு கழித்துப் பெரிய ஆலையும் பீர்க்கூடமும். வெர்மான்ட் என்றால் கசப்பு தூக்கலான ஐபிஏ வகை பீருக்குப் பெயர்போன இடம். யோஹன்னஸ் பிடிவாதமாக ஆஸ்திரியாவில் குடித்த லாகரைத்தான் காய்ச்சினார். ஐபிஏ சீக்கிரம் தயாராகும். லாகர் வாரக்கணக்கில் குளிர்ந்த தொட்டியில் கிடக்க வேண்டும், அதனால் அதே அளவு பீருக்குக் கூடுதல் தொட்டி, கூடுதல் முதலீடு. ஆனால் பாட்டிலில் போட்ட பீர், பனி பெய்கிறதா என்று பார்ப்பதில்லை. விடுதிக்கு ஒருமுறைகூட வராதவரும் வாங்குவார்.

இனி கவனிக்க வேண்டியது அடுத்த கைமாற்றம். யோஹன்னஸுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது, நான்காம் தலைமுறையும் வளர்கிறது. பங்கை மறுபடியும் எல்லாருக்கும் சமமாகப் பரப்பினால் 1990-கள் திரும்ப வரலாம். ஒருவரிடமே குவித்தால் மற்றவர்களுக்கு என்ன என்ற கேள்வி வரும். இத்தகைய குடும்பக் கம்பெனிகள் பொதுவாகக் கைக்கொள்ளும் வழி இரண்டு: ஓட்டுரிமை உள்ள பங்கு, இல்லாத பங்கு என்று இரு வகையாகப் பிரித்து, வேலை செய்பவரிடம் அதிகாரத்தையும் மற்றவர்களிடம் லாபத்தையும் வைப்பது; அல்லது விலகுகிறவருக்கு என்ன கணக்கில் பணம் கொடுப்பது என்ற சூத்திரத்தை, யாரும் விலகும் எண்ணத்தில் இல்லாதபோதே எழுதி வைப்பது.